ஸ்பானிய மெனுவை ஆங்கிலமாக்கும்போது: பெயரை விடுவதா, பெயர்ப்பதா?

கோயம்புத்தூரில் இருந்தபடி ஸ்பானிய மொழிபெயர்ப்பு செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாலகா நகரத்து உணவகம் ஒன்றின் மெனுவை ஆங்கிலத்தில் தரும் வேலை வந்திருக்கிறது. 90 உருப்படி. பாதிப் பெயர்களுக்கு அகராதி சொல்லும் பொருள் விசித்திரமாக இருக்கிறது. பெயரை அப்படியே விட்டுவிடலாமா, இல்லை எல்லாவற்றையும் பெயர்த்தே ஆகவேண்டுமா?"

இரண்டும் வேண்டும். பெயர் அப்படியே நிற்கட்டும். அதன் கீழே, தட்டில் என்ன வரும் என்பதை ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுங்கள். சாப்பிட வருகிறவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்கப்போகிறார். பரிமாறுகிறவருக்கும் சமையல்கட்டுக்கும் தெரிந்தது ஸ்பானியப் பெயர்தான். அதை எடுத்துவிட்டால் விரலால் தொட்டுக்காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. பெயரை மட்டும் வைத்து விளக்கத்தை விட்டாலோ, வந்தவர் எதையோ குருட்டாம்போக்கில் கேட்டு, வந்ததைத் தின்ன முடியாமல் எழுந்து போவார். சென்னையில் ஒரு நல்ல ஓட்டல் மெனுவில் 'இட்லி' என்று எழுதி, கீழே சிறிய எழுத்தில் அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்க வைத்து ஆவியில் வேகவைத்தது என்று போடுகிறார்கள் இல்லையா, அதே முறைதான்.

பன்னிரண்டு வருடமாக, மாலகா இருக்கும் தென் ஸ்பெயினின் அந்தாலூசியா வட்டாரத்து உணவகங்களுக்கு இந்த வேலையைச் செய்கிறேன். அதில் கற்றதைச் சொல்கிறேன்.

வேலையைத் தொடங்குமுன் சமையல்காரரோடு ஒரு மணி நேரம் பேச ஏற்பாடு செய்து தரச்சொல்லிக் கேளுங்கள். வீடியோ அழைப்பே போதும். அகராதிக்குச் சொல் தெரியும், அந்த அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது தெரியாது. மாலகாவை வைத்தே ஓர் உதாரணம் தருகிறேன். 'பில்-பில்' என்ற சொல் வட ஸ்பெயினின் பாஸ்க் நாட்டில் உப்பிட்ட காட் மீனோடு வரும். மீனில் இருந்து இறங்கும் பசையும் ஆலிவ் எண்ணெயும் சட்டியை ஆட்ட ஆட்டச் சேர்ந்து வெண்ணிறக் குழம்பாகக் கெட்டிப்படும். அதில் காரம் மிகக் குறைவு. மாலகாவில் 'காம்பாஸ் அல் பில்-பில்' கேட்டால் மண்சட்டியில் பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்டுக் கொதிக்கிற எண்ணெயில் இறால் வரும். ஒரே சொல், இரண்டு வேறு பண்டங்கள். பாஸ்க் விளக்கத்தை இணையத்தில் இருந்து எடுத்து மாலகா மெனுவில் ஒட்டினால் காரம் ஆகாத ஒருவர் அதை நம்பி ஏமாறுவார்.

இப்படிப்பட்டவை நிறைய. 'பியென்மெசாபே' என்றால் 'எனக்கு நன்றாக ருசிக்கிறது' என்று பொருள். காதிஸில் அது மசாலாவிலும் வினிகரிலும் ஊறவைத்துப் பொரித்த குட்டிச் சுறா. மாலகா மாகாணத்திலேயே உள்ள அந்தெகேராவில் அதுவே பாதாம் இனிப்பு. கனாரித் தீவுகளிலும் இனிப்புதான். 'சல்மொரேஹோ' கோர்தோபாவில் தக்காளியும் ரொட்டியும் அரைத்த கெட்டியான குளிர்ந்த கூழ். கனாரித் தீவுகளில் முயல்கறியை ஊறவைக்கும் மசாலாவுக்கு அந்தப் பெயர். 'கஸ்பாச்சோ' என்றால் உலகமே குளிர்ந்த தக்காளி சூப்பை நினைக்கும். லா மாஞ்சாவின் 'கஸ்பாச்சோ மாஞ்செகோ' சுடச்சுட வரும், காட்டு முயலும் கௌதாரியும் புளிப்பில்லாத அப்பத் துண்டுகளும் போட்ட குழம்பு. செவியாவில் 'சொலொமீயோ அல் விஸ்கி' கேட்டால் வருவது பன்றியின் மென்தசை. வேறு ஊர்களில் வெறும் 'சொலொமீயோ' என்பது மாட்டுக்கறியாகவும் இருக்கலாம். பன்றி உண்ணாதவர்களும் மாடு உண்ணாதவர்களும் அந்த மேசையில் உட்காரக்கூடும். அதனால் எந்த விலங்கின் இறைச்சி என்பதை ஒவ்வொரு வரியிலும் சொல்லியே தீரவேண்டும். சமையல்காரரிடம் கேட்க வேண்டியவற்றில் இது முதலாவது.

அகராதி விசித்திரமாகச் சொல்கிறது என்றீர்களே, அதற்கு வருவோம். ஸ்பானியப் பண்டங்களுக்கு உருவகப் பெயர்கள் அதிகம். 'தோசினோ தே சியேலோ' சொல்லுக்குச் சொல் பார்த்தால் வானத்துப் பன்றிக்கொழுப்பு. அதில் பன்றி இல்லவே இல்லை. முட்டை மஞ்சள்கருவும் சர்க்கரைப் பாகும் சேர்த்து ஆவியில் இறுக வைத்த இனிப்பு. ஹெரெஸ் ஊரில் ஒயினைத் தெளிய வைக்க வெள்ளைக்கருவைப் பயன்படுத்திவிட்டு, மிஞ்சிய மஞ்சள்கருவைக் கன்னிமாடங்களுக்குக் கொடுத்தார்கள், அங்கே பிறந்த இனிப்பு இது என்று அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். ஆங்கிலத்தில் 'பேக்கன் ஃப்ரம் ஹெவன்' என்று அச்சிட்டால் ஒரு முஸ்லிம் குடும்பம் தொடக்கூடிய இனிப்பையும் தொடாமல் போகும். 'ப்ராசோ தே ஹித்தானோ' என்பதன் நேர்ப்பொருள் ஜிப்சியின் கை. அது கிரீம் சுருட்டிய ஸ்விஸ் ரோல். 'கபேயோ தே ஆன்ஹெல்' தேவதையின் கூந்தல். நார் நாராகப் பிரியும் ஒருவகைப் பூசணியில் செய்த ஜாம். 'ரோப்பா வியேஹா' பழந்துணி; பிய்த்த இறைச்சி. இவற்றின் நேர்ப்பொருளைச் சொல்லும் ஆசை நமக்கு இருக்கும், ஏனென்றால் அழகாக இருக்கிறது. சொல்லுங்கள், ஆனால் விளக்கத்துக்குப் பின்னால், இடம் இருந்தால். விளக்கத்துக்குப் பதிலாகச் சொல்லிவிடாதீர்கள்.

ஐபீரியப் பன்றி என்ற உள்நாட்டு இனத்தின் இறைச்சி வெட்டுகளும் இந்த வகைதான். 'செக்ரேத்தோ' ரகசியம், 'ப்ளூமா' இறகு, 'அபானிக்கோ' விசிறி. ஆங்கிலத்தில் இவற்றுக்கு நிலைத்த பெயர்கள் இல்லை. 'ஐபீரியன் சீக்ரெட்' என்று மாலகா கடற்கரை முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். படிப்பவருக்கு அது எதையும் சொல்வதில்லை. பெயரை அப்படியே வைத்துவிட்டு, 'ஐபீரியப் பன்றியின் தோள் பக்கத்துக் கொழுப்போடிய துண்டு, கரியில் சுட்டது' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் போதும். ஹமோனையும் 'ஹாம்' என்று மட்டும் எழுதக்கூடாது. ஆங்கிலேயருக்கு ஹாம் என்றால் பெரும்பாலும் வேகவைத்த இளஞ்சிவப்புத் துண்டுதான் நினைவுக்கு வரும். ஹமோன் என்பது பன்றியின் பின்தொடையை உப்பிட்டு, காற்றில் மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் உலர்த்தியது. 'பெயோத்தா' என்று இருந்தால் ஓக் மரக்கொட்டை தின்று வளர்ந்த பன்றி. 'செபோ' என்றால் தீவனம் தின்றது. 2014 முதல் ஸ்பெயினில் இதற்கு நான்கு நிறச் சீட்டுகள் சட்டப்படி உண்டு: நூறு சதவீத ஐபீரியப் பெயோத்தாவுக்குக் கறுப்பு, கலப்பினப் பெயோத்தாவுக்குச் சிவப்பு, மேய்ச்சலும் தீவனமும் கலந்ததற்குப் பச்சை, தீவனம் மட்டும் தின்றதற்கு வெள்ளை. விலையில் உள்ள பெரிய வித்தியாசத்துக்கு இதுதான் காரணம். உணவகம் கறுப்புச் சீட்டு வாங்கி வைத்திருந்தால் அதை ஆங்கிலத்தில் சொல்லாமல் விடுவது அவர்களுக்கு நஷ்டம்.

சில சொற்களை ஆங்கில வரியில் அப்படியே விடவும் கூடாது, இயந்திர மொழிபெயர்ப்பிடமும் விடக்கூடாது. 'ராப்பே' என்பது மங்க்ஃபிஷ், நல்ல விலைமீன். ஆனால் அதன் நான்கு எழுத்துகளும் ஆங்கிலத்தில் பாலியல் வன்முறையைக் குறிக்கும் சொல்லின் அதே எழுத்துகள். ஆங்கில மெனுவில் அந்தச் சொல்லைப் பார்த்து முகம் வெளிறிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஒன்றுக்கு மட்டும் என் விதியை மாற்றிக்கொள்கிறேன்: ஆங்கிலப் பக்கத்தில் 'மங்க்ஃபிஷ்' மட்டுமே இருக்கும், ஸ்பானியப் பெயர் ஸ்பானியப் பக்கத்தில் நிற்கும். 'ஹூதியாஸ் வெர்தெஸ்' பச்சை பீன்ஸ். 'ஹூதியாஸ்' யூதப் பெண்களையும் குறிக்கும் சொல் என்பதால் இயந்திரங்கள் அதைக் கேட்கக் கூசும்படி பெயர்த்திருக்கின்றன. 'வீனோ' ஒயின், 'வந்தான்' என்ற வினைச்சொல்லும் அதுவே. 'காயோ' ஒரு தட்டைமீன், சேவலும் அதுவே. ஒயின் பட்டியலில் 'கிரியான்சா' என்பது வளர்ப்பு அல்ல, குறிப்பிட்ட காலம் முதிர வைத்த ஒயினின் தரப்பெயர். ரியோஹாவில் சிவப்புக் கிரியான்சா குறைந்தது இரண்டு வருடம், அதில் ஒரு வருடமாவது ஓக் பீப்பாயில் இருந்திருக்கவேண்டும். 'ரெசெர்வா' முன்பதிவு அல்ல, அதுவும் ஒயினின் தரப்பெயர். இவை பெயராகவே நிற்கட்டும்.

இனி, எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம். என் இரண்டாம் வருடத்தில் ஒரு சாலட்டில் இருந்த 'ஃப்ரூத்தோஸ் செக்கோஸ்' என்பதை 'உலர்ந்த பழங்கள்' என்று எழுதினேன். சொல்லுக்குச் சொல் அதுதான். உண்மையில் அது பாதாம், வால்நட், ஹேசல் முதலான கொட்டைகளைக் குறிக்கும். வால்நட் ஒவ்வாத ஓர் அம்மா அந்தச் சாலட்டைக் கேட்டார். பரிமாறியவர் தட்டைக் கொண்டு வைக்கும்போது வாயால் ஒருமுறை சொன்னதால் தப்பித்தது. அன்று இரவு முழு மெனுவையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 ஒழுங்குமுறைப்படி, 2014 டிசம்பர் 13 முதல், உணவகங்களும் 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் குறித்த தகவலைத் தரவேண்டும். சட்டத்தின் ஸ்பானியப் பிரதி கொட்டைகளுக்கு 'ஃப்ரூத்தோஸ் தே காஸ்காரா', அதாவது ஓடுள்ள கனிகள், என்ற சொல்லையே எடுத்துக்கொண்டது. மெனு எழுதுகிறவர்கள் பழைய சொல்லையே எழுதுகிறார்கள். நிலக்கடலை தனி வகை, கொட்டைகளோடு சேர்க்கக்கூடாது. நண்டு இறால் வகையும் கணவாய் சிப்பி வகையும் சட்டத்தில் தனித்தனி. ஆனால் ஸ்பானியர் 'மரிஸ்கோ' என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிவிடுவார்கள், ஆங்கிலத்தின் 'ஷெல்ஃபிஷ்' போல. எது இருக்கிறது என்று கேட்டுப் பிரித்து எழுதுங்கள்.

உங்கள் மாலகா மெனுவில் 'அஹோப்ளாங்கோ' கட்டாயம் இருக்கும். பெயரைப் பிரித்தால் வெள்ளைப் பூண்டு. வெறும் பூண்டு சூப் என்று எழுதிவிட்டால் ஆபத்து, ஏனென்றால் அதன் உயிரே பச்சைப் பாதாம், கூடவே ரொட்டி. பூண்டும் எண்ணெயும் வினிகரும் சேர்த்து அரைத்து, குளிர வைத்து, மேலே திராட்சை போட்டுத் தருவார்கள். பெயரில் இல்லாத பாதாமும் கோதுமையும் உங்கள் ஆங்கில வரியில் இருந்தாகவேண்டும்.

இன்னொன்று, 'பெரென்ஹெனாஸ் கோன் மியேல் தே கான்யா'. பொரித்த கத்தரிக்காய் மேல் 'தேன்'. ஆனால் அது தேன் அல்ல, கரும்புப் பாகு. மாலகா மாகாணத்தில் ஃப்ரிஹிலியானா என்ற மலையூரில் இன்றும் காய்ச்சுகிறார்கள். 'ஹனி' என்று எழுதினால் தேன் தொடாத வீகன்கள் அவர்களுக்கு ஏற்ற பண்டத்தைத் தவிர்ப்பார்கள். 'கேன் சிரப்' என்று எழுதுங்கள். இந்தக் கறுத்த பாகின் வாசம் நம் வெல்லப்பாகுக்கு வெகு அருகில். முதல்முறை ருசித்தபோது அந்தாலூசியாவில் இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோனது.

கோயம்புத்தூரில் இருந்து எழுதுகிறீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். நம் ஆங்கிலம் இந்திய ஆங்கிலம். 'பிரிஞ்சால்' நமக்கு இயல்பு. ஸ்பெயினுக்கு வரும் வெளிநாட்டவரில் முதலிடத்தில் இருக்கும் பிரிட்டிஷாருக்கு அது 'ஓபர்ஜீன்', அமெரிக்கருக்கு 'எக்பிளான்ட்'. நாம் 'மட்டன்' என்றால் பெரும்பாலும் ஆட்டுக்கறி, வெள்ளாட்டையும் சேர்த்து; பிரிட்டனில் அது முதிர்ந்த செம்மறி. 'கொர்தேரோ' என்பது இளம் செம்மறி, 'லாம்'. 'கப்ரீத்தோ' வெள்ளாட்டுக் குட்டி. அதை 'கிட்' என்று மட்டும் எழுதாமல் 'கிட் கோட்' என்று எழுதுங்கள், குழந்தைக்கும் அதே சொல். நாம் 'கிரேவி' என்றால் எந்தக் குழம்பும். அவர்களுக்கு இறைச்சிச் சாற்றில் செய்த ஒரு வகை சாஸ் மட்டுமே. யாருடைய ஆங்கிலம் என்று உணவகத்திடம் கேட்டு ஒன்றை முடிவுசெய்து, கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். மாலகா என்றால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தையே எடுப்பேன். டச்சுக்காரரும் ஸ்வீடன்காரரும் அதே பக்கத்தைத்தான் படிப்பார்கள் என்பதால் அலங்காரச் சொற்களைத் தவிர்ப்பேன்.

மிளகு விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஸ்பானியத்தில் 'பிமியெந்தா' மிளகு, 'பிமியெந்தோ' குடைமிளகாய், 'பிமெந்தோன்' மிளகாயை உலர்த்தி அரைத்த தூள். அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்த புதுக்காய்க்கு, பழகிய மிளகின் பெயரில் இருந்தே பெயர் வைத்தார்கள். நாமும் மிளகில் இருந்து மிளகாய் செய்தோம். நம் இரண்டு மொழிகளும் சொல்லை மாற்றி வேறுபாட்டைக் காப்பாற்றிக்கொண்டன. ஆங்கிலம் இரண்டையும் 'பெப்பர்' என்றே சொல்கிறது. அதனால் 'ப்ளாக் பெப்பர்', 'ரெட் பெப்பர்ஸ்', 'பாப்ரிகா' என்று பிரித்தே எழுதவேண்டும். லா வெராவில் இருந்து வரும் பிமெந்தோன் ஓக் விறகுப் புகையில் உலர்த்தியது, அதை 'ஸ்மோக்ட் பாப்ரிகா' என்று சொன்னால்தான் ருசி புரியும். காரத்துக்கு 'ஹாட்' வேண்டாம், 'ஸ்பைசி' என்று எழுதுங்கள். சூடு என்று படித்துவிடுவார்கள்.

கடல் பக்கம் போனால் போலி நண்பர்கள், அதாவது ஒன்றுபோல் தோன்றி வேறு பொருள் தரும் சொற்கள், மொய்க்கும். 'லங்கொஸ்தீனோ' என்பதை 'லாங்குஸ்டீன்' என்று எழுதாத மெனுவே அபூர்வம், அது தவறு. லங்கொஸ்தீனோ பெரிய இறால். லாங்குஸ்டீனுக்கு ஸ்பானியத்தில் 'சிகாலா'. 'லங்கோஸ்தா' பெரிய கொடுக்கு இல்லாத முள் சிங்கிறால், 'பொகவாந்தே' கொடுக்குள்ள லாப்ஸ்டர். இரண்டுக்கும் 'லாப்ஸ்டர்' என்று எழுதினால் விலை வித்தியாசம் ஏன் என்று வாடிக்கையாளர் கேட்பார், நியாயம்தான். 'அத்தூன் ரோஹோ' சொல்லில் சிவப்புச் சூரை, ஆங்கிலத்தில் 'ப்ளூஃபின்'. 'பொக்கெரோன்', 'அன்ச்சோவா' இரண்டும் ஒரே மீன். புதிதாகப் பொரித்தாலோ வினிகரில் ஊறவைத்தாலோ முதல் பெயர், உப்பில் பதமாகிப் பழுப்பேறினால் இரண்டாவது. ஆங்கிலத்தில் இரண்டும் 'ஆன்ச்சவி' என்பதால் புதியதா, வினிகரா, உப்பிட்டதா என்பதைச் சேர்த்தாகவேண்டும். மாலகாக்காரர்களுக்கே 'பொக்கெரோன்கள்' என்று செல்லப்பெயர் உண்டு, அந்த வரியில் சோம்பல் கூடாது.

சமைக்கும் முறைகளுக்குப் பெரிய சிரமம் இல்லை. 'ஆ லா ப்ளான்ச்சா' தோசைக்கல் போன்ற இரும்புத் தகட்டில் சுட்டது. 'ஆ லா பிராசா' தணலில் சுட்டது. இரண்டையும் 'கிரில்ட்' ஆக்காமல் முதலாவதை 'கிரிடில்ட்' என்றும், இரண்டாவதைக் கரிநெருப்பு என்று தெரியும்படியும் எழுதலாம். 'ஆ லா ரொமானா' ரோமாபுரி முறை அல்ல, மாவில் தோய்த்துப் பொரித்தது. 'எஸ்பேத்தோ' மாலகாவின் பெருமை: மத்தி மீன்களை நாணல் குச்சியில் கோத்து மணலில் நட்டு, விறகுத் தணலின் பக்கவாட்டில் சுடுவது. அதற்கு ஒரு வரி முழுதாகச் செலவழியுங்கள், தகும்.

சைவர்களுக்காக ஓர் எச்சரிக்கை. ஸ்பானியப் பேச்சில் 'கார்னே' (இறைச்சி) இல்லை என்றால் ஹமோனும் சூரை மீனும் இல்லை என்று பொருளல்ல. 'என்சலாதா மிக்ஸ்தா' என்ற கலவை சாலட்டில் பெரும்பாலும் டின் சூரை இருக்கும், முட்டையும் இருக்கும். அவரை, கூனைப்பூ வரிகளில் ஹமோன் துண்டுகள் சொல்லாமல் வரும். சமையல்காரரிடம் ஒவ்வொரு காய்கறி வரியையும் கேட்டுச் சரிபாருங்கள். 'தெர்னேரா'வை 'வீல்' என்று எழுதும் பழக்கமும் வேண்டாம். பால்குடிக் கன்றின் வெள்ளை இறைச்சி என்று நினைத்துப் பல பிரிட்டிஷார் தள்ளிவிடுவார்கள். தட்டில் இருப்பது பெரும்பாலும் இளம் மாட்டின் சிவந்த இறைச்சி. வெட்டியபோது என்ன வயது என்று கேட்டுவிட்டு 'பீஃப்' அல்லது 'யங் பீஃப்' எழுதுங்கள்.

பண்டங்களுக்கு வெளியே உள்ள சிறு எழுத்துகளை மறந்துவிடாதீர்கள், சண்டை வருவது அங்கேதான். 'மெனு' என்ற சொல் ஸ்பானியத்தில் நிலையான விலைக்கு வரும் முழுச் சாப்பாட்டைக் குறிக்கும். பட்டியலுக்குப் பெயர் 'கார்த்தா'. 'மெனு தெல் தியா'வை 'செட் மெனு' என்று எழுதி, என்னென்ன அடங்கும் என்றும் சொல்லுங்கள். 'தாப்பா', 'மேதியா ரசியோன்', 'ரசியோன்' அளவுகள். சிறு தட்டு, அரைப் பங்கு, பகிர்ந்து உண்ணும் முழுப் பங்கு. அரிசிப் பண்டங்களின் கீழே 'குறைந்தது இருவர், விலை ஒருவருக்கு' என்று இருக்கும். அது ஆங்கிலத்தில் விடுபட்டால் பில் வரும்போது இருமடங்காகத் தெரியும். 'எஸ்-எம்' என்ற இரண்டெழுத்து, சந்தை நிலவரப்படி விலை. மாட்டுத் துண்டுகளுக்கு 'அல் புந்தோ' என்றால் 'மீடியம்'.

காபிப் பகுதி இருந்தால் அங்கே நிதானமாக இருங்கள். மாலகாவில் காபிக்கும் பாலுக்குமான விகிதத்தை வைத்து ஊருக்கே உரிய பெயர்கள் உண்டு: 'நூபே' மேகம், 'சோம்ப்ரா' நிழல், 'மித்தாத்' பாதி. நூபேயில் பால்தான் ஏறக்குறைய எல்லாம், காபி ஒரு சொட்டு, சோம்ப்ராவில் காபி சற்றுக் கூடும், மித்தாத் சரிபாதி. பெயர்களை அப்படியே வைத்து, பக்கத்தில் அளவைச் சொல்லுங்கள். வந்தவர் மறுநாள் வேறு கடையில் போய் 'ஊன் நூபே' என்று தைரியமாகக் கேட்பார்.

முடித்த பிறகு, ஸ்பானியம் தெரியாத ஒரு நண்பரிடம் ஆங்கிலப் பக்கத்தை மட்டும் கொடுத்து, ஒவ்வொரு தட்டிலும் என்ன வரும் என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னதைச் சமையல்காரரிடம் படித்துக் காட்டுங்கள். சமையல்காரர் தலையாட்டாத வரிகளைத் திரும்ப எழுதுங்கள். 90 உருப்படிக்கு இது இரண்டு நாள் கூடுதல் வேலை, அதற்கும் சேர்த்தே கூலி பேசிக்கொள்ளுங்கள்.